“அம்மாவுக்காகப் படிக்கிறேன்”: இந்த விடைக்கு எத்தனை புள்ளி?

பேராதனையில் மருத்துவமோ கண்டியில் தாதியமோ பயிலும், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவியிடம் ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று கேட்டால், “அம்மா கொழுந்து பறித்துத்தான் படிக்க வைத்தார், அவருக்காக” என்ற விடை வரக்கூடும். மலையகத்தில் யாருக்கும் இது விளங்கும். ஆனால் மாணவரின் ஊக்கலை எண்ணால் அளக்க முனையும் ஆய்வாளருக்கு இதைவிடச் சிக்கலான விடை வேறில்லை.

ஊக்கல் என்றதும் ‘எவ்வளவு’ என்றே கேட்கப் பழகியிருக்கிறோம். அமெரிக்க உளவியலாளர்களான எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் 1985இல் விரிவாக முன்வைத்த சுயநிர்ணயக் கோட்பாடு, ‘எந்த வகை’ என்ற கேள்வியை முன்னே வைத்தது. உடலின் இயக்கத்தை அறியும் இன்பத்துக்காகப் படிப்பது அகவூக்கல். சம்பளத்துக்காக, அல்லது உயர்தரத்தில் நல்ல இசட் புள்ளி வந்ததும் ‘டொக்டருக்குத்தான்’ என்று சொந்தக்காரர்கள் தீர்மானித்துவிட்டதற்காகப் படிப்பது புறவூக்கல். இவ்விரண்டுக்கும் நடுவில் வேறு படிகளும் உண்டு. அவற்றுள் இரண்டு இங்கே முக்கியம்: படிக்காவிட்டால் குற்றவுணர்வு உறுத்தும் என்பதற்காகப் படிப்பது ஒன்று, அத்தொழிலின் பயனைத் தன் மதிப்பாகவே ஏற்றுப் படிப்பது மற்றொன்று. ஏன் படிக்கிறோம் என்றே தெரியாத நிலை ஊக்கலின்மை.

இந்தக் கோட்பாட்டை வினாக்கொத்தாக்கியவர்களுள் கனடாவின் ரொபேர் வலரான்ட் குழுவினர் முக்கியமானவர்கள். 1989இல் பிரெஞ்சிலும் 1992இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அவர்களது கல்வி ஊக்கல் அளவுகோலில் 28 கூற்றுகள் உள்ளன. அகவூக்கலை மூன்றாகப் பிரித்ததால் மொத்தம் 7 பிரிவுகள். பிரிவுக்கு 4 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. மருத்துவ, தாதிய மாணவர்களிடமும் இது பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது.

ஒரு பிரிவின் நான்கு கூற்றுகளும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா என்பதை, அவற்றுக்கான விடைகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்து க்ரொன்பாக் ஆல்பா என்ற எண் சொல்கிறது. 0.70க்கு மேலிருந்தால் போதுமானது என்பது பொது வழக்கு. 1992ஆம் ஆண்டு ஆய்வில் ஏனைய பிரிவுகள் அதை எளிதாகத் தாண்ட, மதிப்பை ஏற்றுப் படிக்கும் பிரிவு மட்டும் 0.62இல் நின்றது. நமது மாணவியின் விடை தடுமாறுவதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான்: அது குற்றவுணர்வா, ஏற்றுக்கொண்ட மதிப்பா?

பிரிவுகளைக் கூட்டி ஒரே எண்ணாக்கினால் இந்தக் கேள்வியே மறைந்துவிடும். பலர் பயன்படுத்தும் சூத்திரமொன்று, அகவூக்கல் சராசரியை இரட்டித்து, ஏற்ற மதிப்பின் புள்ளியைக் கூட்டி, குற்றவுணர்வுக்கும் புறவூக்கலுக்குமான சராசரியைக் கழித்து, ஊக்கலின்மையின் இரு மடங்கையும் கழிக்கிறது. இந்த வரிசையில் 5, 6, 4, 6, 1 பெற்றவருக்கு 10 + 6 − 5 − 2 = 9. அதே வரிசையில் 4, 6, 2, 4, 1 பெற்றவருக்கும் 8 + 6 − 3 − 2 = 9. முதலாமவர் படிப்பில் கூடுதல் இன்பம் காண்கிறார், கூடுதல் அழுத்தத்தையும் சுமக்கிறார். ஆயினும் அட்டவணையில் இருவரும் ஒருவரே. என் கருத்தில், இத்தகைய ஒற்றை எண்ணை மட்டும் வைத்து மாணவரை ஒப்பிடுவது பயனற்றது.

தமிழாக்கத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘கடமை’ என்ற சொல் நம்மிடையே சுமையையும் குறிக்கும், பெருமையையும் குறிக்கும். தமிழாக்கியதை மற்றொருவர் மூலம் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது வழமையான சோதனை. ஆனால் இரு பொருளும் ஒரே ஆங்கிலச் சொல்லாகத் திரும்பி வந்தால் பிழை பிடிபடாது. ஆகவே சில மாணவரை அமர்த்தி, ஒவ்வொரு கூற்றையும் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் செய்ய வேண்டும். தாள்களைப் பாடம் நடத்தும் விரிவுரையாளரே சேகரிக்காதிருப்பதும் நல்லது. அவர் முன்னே சம்பளத்துக்கு 7 போட யாருக்குத் துணிவு வரும்?

“அம்மாவுக்காக” என்ற அந்த ஒரு விடையையும் இரு கூற்றுகளாகப் பிரிக்கலாம்: ‘நான் இடையில் விட்டால் அம்மாவின் முகத்தில் விழிக்க முடியாது’, ‘அம்மா பெரிதாக நினைத்த இந்தத் தொழிலை நானும் பெரிதாக நினைக்கிறேன்’. இரண்டுக்கும் அந்த மாணவி 6 போட்டால், அவ்விரண்டு ஆறுகளையும் கூட்டாமல் தனித்தனியே பதிய வேண்டும்.