ஆர்.பி.யை எங்கே உட்கார வைப்பது?

"சேட்டா, பொள்ளாச்சியில மச்சான் வீட்டுல படம் ஓடுது. எனக்கு மட்டும் ஏன் உறைஞ்சு நிக்குது?"

கொழிஞ்சாம்பாறைச் சந்தாதாரர் கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஃபைபர் வழியாக டி.வி. தரும் எங்கள் நெட்வொர்க்கில், சேனல்கள் கிளம்பும் சர்வர் பொள்ளாச்சியில். கோபாலபுரம் வழியாக நேர் ஃபைபர் உண்டு. அது அறுபடவும் இல்லை. கரண்ட் போனதும் பேட்டரி கைவிட்டதும் பாலக்காட்டில்.

மல்டிகாஸ்டில் நூறு வீடு ஒரே சேனலைப் பார்த்தாலும் சர்வர் அனுப்புவது ஒரே பிரதி. வழி பிரிகிற இடத்தில் ரூட்டர் நகலெடுக்கும். அனுப்புபவரையும் கேட்பவரையும் முதலில் சேர்த்துவைக்க, பிம் ஸ்பார்ஸ் மோடில் (ரூட்டர்கள் மல்டிகாஸ்ட் வழியை அமைத்துக்கொள்ளும் ஒரு முறை) ரான்டெவூ பாயின்ட் என்ற தரகர் வேண்டும். அவர்தான் ஆர்.பி. பெரிய ரூட்டரும் ஏ.சி. அறையும் பாலக்காட்டில் இருந்ததால் ஆர்.பி.யையும் அங்கேயே வைத்தோம். நானும்தான் தலையாட்டினேன்.

விளைவு? பொள்ளாச்சிப் படம் கோவை, வாளையாறு, பாலக்காடு என்று சுற்றிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தது. நேர்வழியில் இரண்டு இணைப்பு, இதில் நான்கு. பாலக்காடு அணைந்ததும் படமும் நின்றது. போதாக்குறைக்கு, மெமரி மிச்சமாகட்டும் என்று, சந்தாதாரர் பக்கத்துக் கடைசி ரூட்டர், ஆர்.பி.யை விட்டுச் சர்வரிலிருந்தே மிகக் குறைந்த வழியில் படத்தை எடுக்கும் 'குறுக்குவழி மரத்துக்கு' மாறும் வசதியையும் அணைத்து வைத்திருந்தோம். அது இருந்திருந்தால் ஓடுகிற படமாவது ஓடியிருக்கும். ஆனால் புதிய சேனலுக்கு மாற்றினால் அப்போதும் மாட்டிக்கொள்ளும்.

ஆர்.பி.யைத் தேர்ந்தெடுக்கும்போது சந்தாதாரர் எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் அதிகம். அது பொருட்டில்லை. ஓர் ஊரில் பத்து செட்டாப் பெட்டியோ ஆயிரமோ, அந்த ஊர் ரூட்டருக்கு வரும் பிரதி ஒன்றுதான். பார்க்க வேண்டியது, சர்வரிலிருந்து ஆர்.பி.க்கும் அங்கிருந்து ஒவ்வொரு ஊர் ரூட்டருக்கும் உள்ள ரூட்டிங் காஸ்ட், அதாவது வழியைத் தேர ரூட்டர்கள் கூட்டிப் பார்க்கும் செலவு எண். கூட்டுத்தொகையையும் பாருங்கள், மிக நீளமான வழியையும் தனியாகப் பாருங்கள். மையத்தைச் சரியாகத் தேர்ந்தால் அதிகபட்சத் தாமதம் குறுக்குவழி மரத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாது என்று கணினி ஆய்வாளர் டேவிட் வால் 1980-லேயே நிறுவிவிட்டார். தவறாகத் தேர்ந்தால் அந்த உத்தரவாதம் கிடையாது.

"பி.எஸ்.ஆர். (ஆர்.பி. ஆகக்கூடியவர்களின் பட்டியலை எல்லா ரூட்டர்களுக்கும் பரப்பும் ஏற்பாடு) தானே தேர்ந்துகொள்ளுமே" என்பார்கள். அது முன்னுரிமை எண்ணையும் ஹாஷ் கணக்கையும்தான் பார்க்கும். ஊர் வரைபடத்தைப் பார்க்காது.

எங்களுக்குச் சர்வர் ஓரிடத்தில்தான். அதனால் ஆர்.பி.யைச் சர்வரை ஒட்டிய பொள்ளாச்சி ரூட்டருக்கு மாற்றினோம். அதே ஐ.பி. முகவரியைக் கொழிஞ்சாம்பாறை ரூட்டரிலும் தனி லூப்பேக்காக (ரூட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இணைப்பு முனை) கொடுத்து, எனிகாஸ்ட் ஆர்.பி. ஆக்கினோம், இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்.எஃப்.சி. 4610 (2006) சொல்லும் முறை. ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும். நள்ளிரவில் பொள்ளாச்சியில் அந்த லூப்பேக்கை நாங்களே இறக்கிப் பார்த்தோம். இதைச் செய்யாமல் 'பேக்கப் இருக்கிறது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆர்.பி. தொல்லையே வேண்டாம் என்றால், கேட்பவரே அனுப்புபவரின் முகவரியையும் சொல்லிக் கேட்கும் எஸ்.எஸ்.எம். முறை இருக்கிறது, 232-ல் தொடங்கும் முகவரிகள் அதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆனால் பெட்டிக்கு ஐ.ஜி.எம்.பி. (பெட்டி தனக்கு வேண்டிய சேனலை ரூட்டரிடம் கேட்கும் மொழி) மூன்றாம் பதிப்பு தெரிய வேண்டும். எங்கள் பழைய பெட்டிகளில் பாதிக்கு இரண்டோடு சரி. அவை மாறும்வரை ஆர்.பி.தான்.