ரியோஹா என்று ஒரு திராட்சை கிடையாது

சென்ற சனிக்கிழமை மாலை ஓர் இளைஞர் கடைக்குள் வந்து, பாட்டிலை மேசைமேல் சற்று ஓங்கியே வைத்தார். "நான் கேட்டது டெம்ப்ரானியோ. நீங்கள் ரிபேராவைத் தலையில் கட்டிவிட்டீர்கள்." டெம்ப்ரானியோ ஒரு கறுப்புத் திராட்சை ரகம், ரிபேரா (முழுப்பெயர் ரிபேரா தெல் துவேரோ) ஸ்பெயினில் ஓர் ஒயின் வட்டாரம். தக்கை எடுக்கப்படவில்லை. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்க லேபிளைக் காட்டினேன். நூறு சதவீதம் டின்டோ ஃபீனோ என்று இருந்தது. "பாருங்கள், டெம்ப்ரானியோ என்ற சொல்லே இல்லையே!" என்றார் வெற்றிப் புன்னகையுடன். டெம்ப்ரானியோவுக்கு அந்த வட்டாரத்தில் பெயரே டின்டோ ஃபீனோதான் என்று சொல்லிப் பார்த்தேன். கதை கட்டுகிறேன் என்பதுபோல் பார்த்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த மாதத்தில் இது நான்காவது.

மாட்ரிட்டில் ஓர் ஒயின் கடையில் பன்னிரண்டு ஆண்டுகளாக நிற்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஈரல் கெட்டுவிடும் என்று அம்மா பயந்தார். கெட்டது முழங்கால். நாள் முழுக்க நின்றுகொண்டு ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் வேறு என்ன ஆகும்? அதனால் இப்போது எழுதி வைக்கிறேன்.

ரியோஹா ஒரு வட்டாரம். எப்ரோ ஆற்றங்கரையோரம், வட ஸ்பெயினில் இருக்கிறது. அங்கே டெம்ப்ரானியோ, கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ என்று பல ரகத் திராட்சைகள் விளைகின்றன. வெள்ளை ஒயினுக்கு வியூரா இருக்கிறது. "ரியோஹா திராட்சையில் செய்த ஒயின் இருக்கிறதா?" என்று கேட்பது, சேலத்தில் போய் "சேலம் என்ற ரக மாம்பழம் இருக்கிறதா?" என்று கேட்பதைப் போன்றது. கடைக்காரர் மல்கோவாவா, இமாம்பசந்தா என்று திருப்பிக் கேட்பார். நானும் அதைத்தான் கேட்கிறேன். எனக்கு மட்டும் ஏன் முறைப்பு?

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பெயினில் லேபிளின் முன்பக்கத்தில் பெரும்பாலும் ஊர்ப் பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். திராட்சையின் பெயர் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பல பாட்டில்களில் அதுவும் இருக்காது. போதாததற்கு ஒரே கொடிக்கு ஊருக்கு ஒரு பெயர். டெம்ப்ரானியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். "தெம்ப்ரானோ" என்றால் ஸ்பானிய மொழியில் சீக்கிரம் என்று பொருள். பக்கத்துக் கொடியில் கர்னாச்சா இன்னும் காயாக இருக்கும்போதே இது பழுத்துவிடும், அதனால் வந்த பெயர். ரிபேரா தெல் துவேரோவில் இதுவே டின்டோ ஃபீனோ, சில வீடுகளில் டின்டா தெல் பாயிஸ். தோரோவுக்குப் போனால் டின்டா தெ தோரோ. லா மாஞ்சாவிலும் வால்தெபேஞ்ஞாஸிலும் சென்சிபெல். கத்தலோனியாவில் உல் தெ யெப்ரெ, அதாவது முயலின் கண். இத்தனையும் ஒரே ரகம்.

ரகம் ஒன்று என்பதால் சுவையும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ரிபேராவில் தோட்டங்கள் பலவும் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. ஆகஸ்டு மாதப் பகலில் மண்டை காயும், அதே நாள் இரவில் மேல்சட்டை இல்லாமல் நிற்க முடியாது. அங்கே விளையும் பழத்துக்குத் தோல் தடிப்பு, நிறம் அடர்த்தி. அந்த இளைஞர் திருப்பிக் கொடுத்த ஒயினின் கதையும் இதுதான். திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கலாம்.

ஊர்ப் பெயரும் திராட்சைப் பெயரும் ஒன்றாகவே இருக்கும் கூத்தும் இங்கே உண்டு. அரகோனில் கரிஞ்ஞேனா என்ற ஊர் இருக்கிறது, கரிஞ்ஞேனா என்ற திராட்சையும் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் அதிகம் நட்டிருப்பது எது தெரியுமா? கர்னாச்சா! கரிஞ்ஞேனாத் திராட்சையே வேண்டும் என்றால் கத்தலோனியாவில் பிரியோராத் வட்டாரத்தின் பலகைக்கல் (ஸ்லேட்) சரிவுகளைத் தேடிப் போங்கள். ரியோஹாவில் அதற்குப் பெயர் மசுவேலோ. சிரிக்காதீர்கள், இதில் தேர்வெழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

நிபுணர்களும் ஏமாந்திருக்கிறார்கள் என்பது எனக்குள்ள ஒரே ஆறுதல். கலிசியாவின் ரீயாஸ் பைஷாஸ் வட்டாரத்து வெள்ளைத் திராட்சை அல்பரீஞ்ஞோ. மழையூரில் ஈரம் தங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கொடியைக் கருங்கல் தூண்கள்மேல் பந்தல் போட்டு ஏற்றியிருப்பார்கள், அறுவடைக்குக் கையை மேலே தூக்கித்தான் பறிக்க வேண்டும். ஸ்பெயினிலிருந்து வந்த அந்தக் கொடி என்று நம்பி ஆஸ்திரேலியர்கள் நட்டார்கள், அதே பெயரில் விற்கவும் செய்தார்கள். மரபணுச் சோதனை செய்து பார்த்ததில் அது சவஞான் என்ற வேறு ரகம் என்று 2009இல் தெரியவந்தது. தோட்டக்காரர்களுக்கே அந்தக் கதி.

இப்போது, பணமும் உடம்பும் சம்பந்தப்பட்ட சில விஷயங்கள்.

முதலில் ஷெர்ரி, அதாவது தெற்கு ஸ்பெயினின் ஹெரெஸ் வட்டாரத்து ஒயின். அது எல்லாமே இனிப்பு என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஃபீனோ என்ற ஷெர்ரி வகையில் இனிப்பு மருந்துக்குக்கூட இருக்காது. வெள்ளைச் சுண்ண மண்ணில் விளையும் பலோமீனோத் திராட்சையில் செய்து, பீப்பாயில் ஈஸ்ட் ஏடு படியவிட்டு வளர்ப்பது அது. இந்த ஃபீனோவுக்கும் மேலே சொன்ன டின்டோ ஃபீனோவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒன்று வெள்ளை ஒயினின் வகை, மற்றொன்று கறுப்புத் திராட்சை. அதே ஹெரெஸின் பெத்ரோ ஹிமேனெஸ் நேர் எதிர். பழத்தை வெயிலில் உலர்த்திப் பிழிவதால் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், தேன்பாகு மாதிரி கறுப்பாக வழியும். சர்க்கரை நோய் உள்ள மாமனாருக்குப் பரிசளிக்க ஒரு பெண்மணி "ஷெர்ரி, ஏதோ ஒன்று" என்று இதைத்தான் எடுத்தார். கல்லாவில் பேச்சுக் கொடுத்ததால் தெரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏதோ ஒன்று என்று கேட்காதீர்கள். யாருக்கு வாங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள். குடிக்கலாமா என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும், நான் சொல்ல முடியாது.

திறந்த ஃபீனோவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். அலமாரியில் மூன்று மாதம் வைத்துவிட்டு "கெட்டுப்போன சரக்கு" என்று என்னிடம் கொண்டுவராதீர்கள்.

அடுத்தது கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா. இவை மூன்றாம் பரிசு, இரண்டாம் பரிசு, முதல் பரிசு அல்ல. ஒயின் எவ்வளவு காலம் காத்திருந்தது என்ற கணக்கு, அவ்வளவே. ரியோஹாவின் சிவப்பு ஒயினில் கிரியான்சா என்றால் பீப்பாயில் குறைந்தது ஓராண்டு. ரெசெர்வாவுக்கு மொத்தம் மூன்றாண்டு, அதில் ஓராண்டாவது பீப்பாய். கிரான் ரெசெர்வாவுக்கு மொத்தம் ஐந்தாண்டு, அதில் பீப்பாயில் இரண்டு, பாட்டிலில் இரண்டு. பின்பக்க முத்திரையின் நிறத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். பச்சை என்றால் இந்தக் கணக்கு எதற்குள்ளும் வராதது. பச்சை முத்திரையைப் பார்த்ததும் மலிவுச் சரக்கு என்று முகம் சுளிப்பவர்களே, தம் விருப்பப்படி வளர்ப்பதற்காக வேண்டுமென்றே பச்சையில் விற்கும் நல்ல தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பழைய மரவாசனை பிடிக்காதவருக்குக் கிரான் ரெசெர்வா வாங்கிக் கொடுத்தால் காசு வீண்.

காவா, ருயேடாவின் வெர்தேஹோ, பியெர்சோவின் மென்சியா, ஹுமியாவின் மொனாஸ்த்ரெல் பற்றியெல்லாம் எழுதினால் கடையைத் திறக்க முடியாது. நேரில் வந்து கேளுங்கள், கோபப்பட மாட்டேன்.

ஜூலை மாதத்தில் பாட்டிலைக் காருக்குள் விட்டுவிட்டு அருங்காட்சியகம் பார்க்கப் போகாதீர்கள். திரும்பி வரும்போது தக்கை மேலே தள்ளிக்கொண்டிருக்கும், உள்ளே இருப்பது வெந்த பழச்சாறு.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். தோட்டம் தோட்டமாகச் சுவைபார்க்கப் போகிறவர்கள் கார் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாய்தானே என்பீர்கள். ஃபீனோவில் 15 சதவீதம் ஆல்கஹால். மேசையில் ஒரு வாளி வைத்திருப்பார்கள், துப்புவதற்காக. வெட்கப்படாமல் துப்புங்கள். நாங்கள் எல்லோரும் துப்புகிறோம். நான் முதலில் பழகியதே அதைத்தான், குளியலறையில் வெறும் தண்ணீரை வைத்து.

அந்த இளைஞரின் பாட்டில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விற்பனைக்கு அல்ல. டின்டோ ஃபீனோ என்ற சொற்களுக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, பின்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறேன்.