அத்தனை ஆட்டத்திலும் அசையாத தோகைக் கண்கள்

பாலக்கோடு பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடலைக் கொல்லையில் ஆண் மயில் தோகையை விரித்துச் சடசடவென்று சிலிர்க்கிறது. எல்லாம் ஆடும்போதும் கண்கள் மட்டும் அப்படியே நிற்கின்றனவே, எப்படி?"

தோகை வால் அல்ல. முதுகின் கீழ்ப்புறத்தில் முளைக்கும் இறகுகள். அசல் வால் அதற்குப் பின்னால் இருக்கும் குட்டையான பழுப்பு இறகுகள். தோகைக்கு முட்டுக்கொடுப்பதும், அதை உலுக்குவதும் அவைதான். ஒரு நொடிக்குச் சுமார் 25 முறை உலுக்குகிறது.

கீழே உதிர்ந்த தோகை இறகு ஒன்றைத் தடவிப் பாருங்கள். தண்டின் இருபுறமும் உள்ள இழைகள் தனித்தனியாகக் கலைந்து தொங்கும். கண் இருக்கும் இடத்தில் மட்டும் இழைகள் சேர்ந்து தகடாக நிற்கும். அங்கே அடுத்தடுத்த இழைகளை நுண்கொக்கிகள் ஒன்றோடொன்று மாட்டி வைத்திருக்கின்றன. உலுக்கும்போது உதிரி இழைகள் இஷ்டத்துக்கு வீசியாடும். கண் மொத்தமாக ஒரே துண்டாக நகரும், அதுவும் மிகக் கொஞ்சமே. பின்புலம் மினுமினுக்க, அதன்மேல் கண்கள் மிதப்பதுபோல் தெரிவது இதனால்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பொறிமுறை இது.

இதை 2016இல் உயிரியலாளர் ரோஸ்லின் டேகின் குழு அளந்து வெளியிட்டது. 2018இல் அதைவிட அழகான ஒன்று வந்தது: மயிலின் கொண்டை இறகுகளுக்கு இயல்பாக உள்ள அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது), ஆண் தோகையை உலுக்கும் வேகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. எதிரே நிற்கும் பெட்டை அந்தப் பகட்டைக் கண்ணால் பார்ப்பதோடு, தலையிலும் உணரக்கூடும்.

ஆணின் கண்ணீரைக் குடித்துப் பெட்டை கருத்தரிக்கும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. தவறு. மற்றப் பறவைகளைப் போலத்தான் மயிலும் இணைசேர்கிறது. கண்ணீர்க் கதையை நம்பிவிட்டால், இவ்வளவு பெரிய ஆட்டம் எதற்கு என்ற கேள்வியே எழாது. மயில் நம் தேசியப் பறவையாகி 1963 முதல் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. இந்த அளவீடுகளோ வட அமெரிக்காவில் வளரும் மயில்களில் எடுக்கப்பட்டவை. பென்னாகரம் காட்டோரத்தில் இயல்பாகத் திரியும் மயில்களை அளக்க ஓர் அதிவேகக் கேமராவும் ஒரு மாணவருக்கு உதவித்தொகையும் போதும். அதற்கான பணத்தை ஒதுக்க வேண்டும்.

செல்போனிலேயே பார்க்கலாம். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம்தான் எடுக்கும்; 25 உலுக்கல் அதில் பதிந்தால் நொடிக்கு 5 முறை மெல்ல அசைவதுபோல் பொய்யாகக் காட்டும். ஸ்லோமோஷனில் 240 படம் வையுங்கள், ஓர் உலுக்கலுக்குக் கிட்டத்தட்டப் பத்துப் படம் கிடைக்கும். வெயில் நன்றாக விழும் நேரமாக இருக்கட்டும், மங்கலில் இழைகள் கலங்கிவிடும். மயிலின் பின்பக்கமிருந்தும் எடுங்கள்: பழுப்பு வால் தோகைத் தண்டுகளில் மோதுவது அங்கிருந்துதான் தெரியும்.