இடை உதிரப்போக்கு

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு, எதிர்பாராத நாளில் இரத்தம் படுவதை மருத்துவர்கள் ‘பிரேக்த்ரூ ப்ளீடிங்’ என்கிறார்கள். வீட்டுப் பேச்சில் ‘நடுவுல படுது’. உள்ளாடையில் சில துளி கறை மட்டும் என்றால் ‘ஸ்பாட்டிங்’. நாப்கின் வைக்க வேண்டிய அளவென்றால் பிரேக்த்ரூ.

‘மாலா-என்’ என்ற கருத்தடை மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். மொத்தம் 28 மாத்திரை. 21-இல் ஹார்மோன், மீதி 7-இல் இரும்புச்சத்து மட்டும். அந்த ஏழு நாளில் ஹார்மோன் நின்றுபோவதால் வருவது விலகல் உதிரப்போக்கு. அது வர வேண்டியதுதான். ஹார்மோன் மாத்திரை மீதமிருக்கும்போதே பட்டால், அதற்குத்தான் ‘பிரேக்த்ரூ’ என்ற பெயர். ஹார்மோனின் பிடியை மீறிக்கொண்டு வருவதால் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள்.

இந்தத் தொல்லை மாத்திரையோடு சேர்ந்தே பிறந்தது. 1950-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கிரெகரி பின்கஸும் ஜான் ராக்கும் சோதித்த, கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கும் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மருந்தில், ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் கொஞ்சம் கலப்படமாக இருந்தது. அதை நீக்கிச் சுத்தப்படுத்தியதும் பெண்களுக்கு இடையிடையே அதிகம் படத் தொடங்கியது. கருப்பையின் உட்சுவரை உதிராமல் தாங்கியது அந்த ஈஸ்ட்ரோஜன்தான் என்று புரிந்து, வேண்டுமென்றே திரும்பச் சேர்த்தார்கள். 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்கு அனுமதி பெற்ற எனோவிட் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. அளவு கூடினால் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும் என்பதால் பின்னால் குறைத்தார்கள். மாலா-என்னில் வேறு வகை ஈஸ்ட்ரோஜன், 30 மைக்ரோகிராம்தான். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் நடுவில் படுவது சகஜம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இணையத்தில் சிலர் ‘திருப்புமுனை இரத்தப்போக்கு’ என்று எழுதுகிறார்கள். தப்பு, ‘பிரேக்த்ரூ’வுக்கு வேறிடத்தில் அப்படி ஓர் அர்த்தம் உண்டு, இங்கே அதற்கு இடமே இல்லை. ‘உடைப்பு’ என்றால் கண்மாய்க் கரை உடைந்தது போலப் பயம் வரும், படுவதோ பெரும்பாலும் சொற்பம். ‘பெரும்பாடு’ நம்முடைய பழைய சொல்தான், ஆனால் சித்த மருத்துவத்தில் அது மிகுதியான போக்கைக் குறிப்பது. மாதவிலக்குக்கும் மாதவிலக்குக்கும் நடுவே வருவதை ‘இடை உதிரப்போக்கு’ என்பதே பொருத்தம். துளித்துளியாக என்றால் ‘இடைக்கசிவு’. கேட்டதும் புரியும், கலவரப்படுத்தாது.

பட்டதும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் பலர். அப்போதுதான் கரு தங்கிவிடுகிறது. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் மறந்தாலும், வாந்தி பேதி ஆனாலும் படலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவை மாத்திரையின் வேலையையே குறைத்துவிடும் என்பதால் அவற்றைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூன்று மாதம் தாண்டியும் நிற்கவில்லை, உறவுக்குப் பின் படுகிறது, அடிவயிறு கடுமையாக வலிக்கிறது, அல்லது மாத்திரை விட்டுப்போய்க் கரு தங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மணிக்கொரு நாப்கின் நனைந்தால் அன்றே போங்கள்.