குவாசி இன் சிட்டு: நிகர்வாழிடக் காப்பு

லத்தீனில் 'சிட்டுஸ்' என்றால் இடம். 'இன் சிட்டு' என்றால் இருந்த இடத்திலேயே. 'குவாசி' என்றால் போன்ற. அருகிவரும் செடியை அதன் காட்டிலேயே காப்பது தன்வாழிடக் காப்பு. தாவரவியல் பூங்காவிலும் விதை வங்கியிலும் காப்பது புறவாழிடக் காப்பு. இவற்றுக்கு இடைப்பட்ட வழிக்கு வோலிஸ், பிளெச்சர் என்ற ஆய்வாளர்கள் 2010இல் வைத்த பெயர்தான் குவாசி இன் சிட்டு: காட்டு விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை, பிறந்த மண்ணையும் மழையையும் ஒத்த இயற்கைச் சூழலில் நட்டு, மரபு வேறுபாடு குலையாமல் வைத்திருந்து, பிறகு காட்டுக்கு விதை தருவது.

'போன்ற' என்ற பொருளில் 'நிகர்' என்ற சொல் 'நிகர்நிலைப் பல்கலைக்கழகம்' என ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் 'நிகர்வாழிடக் காப்பு' என்பதே பொருந்தும். 'அரைவாழிடம்' என்பது தவறு. இங்கே எதுவும் பாதியாகக் குறையவில்லை.

நகரத்தில் இதற்கு ஏற்றவை அதிகம் கைபடாத வளாகங்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காடு அப்படிப்பட்டது. எடுத்துக்காட்டாகச் சந்தனத்தை எடுத்துக்கொள்வோம். விதையை ஒரே மரத்தில் உதிர்த்து எடுப்பதுதான் பெரிய தவறு: அடுத்த தலைமுறை முழுக்க உடன்பிறப்புகளாகி நலியும். குறைந்தது 50 தாய்மரங்கள் வேண்டும். ஒரு மரத்தின் முதிர்ந்த விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. சதை நீக்கி நிழலில் உலர்த்திய விதையை, லிட்டருக்கு அரை கிராம் ஜிப்ரலிக் அமிலம் (முளைப்பைத் தூண்டும் தாவர வளர்ச்சி ஊக்கி) கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் உறக்கம் கலையும்.

சந்தனம் அரை ஒட்டுண்ணி: இலையில் உணவு தயாரித்தாலும், நீரையும் சத்தையும் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சும். நாற்றுப் பையில் துணைக்குத் துவரை நட்டு, அது கன்றை மூடாதபடி அடிக்கடி கிள்ள வேண்டும். நிலத்தில் நீண்டகாலம் வாழும் துணைமரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இங்கேதான் தோட்ட வேலை கெடுதல் செய்கிறது. 'சுத்தம்' என்று சுற்றியுள்ள புதரை வெட்டினால் வேர் பற்றியிருந்த துணை போய், சந்தனம் வெளுத்து நலிகிறது. சருகைக் கூட்டி எரித்தால் மண் காய்கிறது. புல்தரைக்கு விடும் நீர் தேங்கினால் வேர் அழுகுகிறது. வெட்டவேண்டியவை வெளியிலிருந்து வந்து பரவும் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மட்டுமே. அவற்றையும் ஒரேயடியாக அல்ல, பகுதி பகுதியாக.

நடவு அக்டோபரில், வடகிழக்குப் பருவமழையோடு. மான் மேயும் வளாகமென்றால் கன்றுக்குக் கூண்டு வேண்டும். எந்தத் தாய்மரத்தின் விதை என்பதைக் காட்டும் வரிசை எண்ணை அலுமினியத் தகட்டில் பொறித்துக் கன்றில் கட்ட வேண்டும். தாளில் எழுதியது ஒரு மழைக்குத் தாங்காது.