கதவு எண் 7/3 எப்படி மார்ச் 7 ஆனது?

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். போன வருடம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்ப, எக்செல் விரிதாள் ஒன்றில் முகவரிகளைத் தட்டிக்கொண்டிருந்தாராம். சென்னையில் பல வீடுகளுக்குப் புது எண், பழைய எண் என்று இரண்டு உண்டல்லவா? 7/3 என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் அது ‘07-மார்ச்’ ஆகிவிட்டது. 48/23 மட்டும் அப்படியே இருந்தது. சரி, தேதி வேண்டாம், வெறும் எண்ணாகக் காட்டு என்று மாற்றினால் 45723 என்று வருகிறது. “இது யார் வீட்டு நம்பர்?” என்று கேட்கிறார்.

48/23 தப்பித்ததற்குக் காரணம் எளிது. 48-ஆவது மாதமும் கிடையாது, 23-ஆவது மாதமும் கிடையாது. அதனால் தேதியாக்க வழியில்லாமல் உரையாகவே விட்டுவிட்டது. 45723 என்பது நாள் கணக்கு. 1900 ஜனவரி 1-ஐ முதல் நாளாக வைத்து எண்ணிக்கொண்டே வந்தால் 2025 மார்ச் 7-இல் அந்த எண்ணில் வந்து நிற்கும். (உண்மையில் இதில் ஒரு நாள் கூடுதல். 1900-ஐ லீப் ஆண்டு என்று, எக்செல்லுக்கு முந்தைய விரிதாள் நிரலான லோட்டஸ் 1-2-3 தவறாக எடுத்துக்கொண்டது. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செல்லும் அந்தப் பிழையைச் சேர்த்தே வாங்கிக்கொண்டது. 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் எக்செல்லில் இன்றும் இருக்கிறது.)

எனக்குப் பிடித்த விஷயம் இதற்கு அடியில் இருக்கிறது. ஒரே கட்டத்தில் உரை, எண், தேதி, ஆம்-இல்லை என எதை வேண்டுமானாலும் எப்படிப் போட முடிகிறது? நிரலாளர்கள் இந்த மாதிரிப் பெட்டியை ‘வேரியன்ட்’ என்பார்கள்.

நினைவகத்தில் இருப்பது 0, 1 மட்டுமே என்று பள்ளியிலேயே படித்திருப்போம் (அப்படி ஒவ்வொன்றும் ஒரு பிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்). 1.0 என்ற தசம எண்ணை 4 பைட்டில் எழுதி வைத்துவிட்டு, அதே 4 பைட்டை முழு எண்ணாகப் படித்துப் பாருங்கள்: 1,06,53,53,216 என்று வரும். பிட்டுகளில் ஒரு மாற்றமும் இல்லை. படிக்கிறவர் எதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கிறார் என்பதுதான் வேறு.

என் அம்மாவின் சமையலறையில் ஒரே மாதிரி எட்டு எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. எதிலும் பெயர் கிடையாது. இடமிருந்து மூன்றாவது துவரம்பருப்பு, அதற்கு அடுத்தது கடலைப்பருப்பு என்று அம்மாவுக்குத் தெரியும். கை தானாகப் போகும். சி++ மாதிரி நிரல் மொழிகளில், நாம் எழுதும் நிரலைக் கணினிக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் செய்வது இதைத்தான். எந்த இடத்தில் என்ன இனம் என்று நிரல் எழுதும்போதே சொல்லிவிடுகிறோம். அதை வைத்துக்கொண்டு கம்பைலர் நேரடியாகக் கட்டளைகளைத் தயாரித்துவிடுகிறது. டப்பாவில் சீட்டு ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அம்மா ஊருக்குப் போன வாரத்தில் அப்பா சமைத்தால்? அப்போது சீட்டு வேண்டும். எட்டு டப்பாவிலும் மருந்துக் கடை உறையைக் கிழித்து ஒட்டிய சீட்டுகள் வந்தது அப்படித்தான்.

லைப்ரரி, அதாவது பலரும் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் பொதுவான நிரல் தொகுப்பு, எழுதுகிறவர் அந்த அப்பா மாதிரி. தரவுத்தளத்தின் அடுத்த பத்தியில் வரப்போவது பெயரா, தொகையா, பிறந்த தேதியா என்று அவருக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால் மதிப்போடு சேர்த்து ‘இது இன்ன இனம்’ என்று ஒரு சீட்டையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்.

1990களில் விண்டோஸ் உலகில் புழக்கத்துக்கு வந்த வேரியன்ட்டைப் பிரித்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 32 பிட் கணினியில் அது 16 பைட். முதல் 2 பைட் சீட்டு, அடுத்த 6 பைட் பெரும்பாலும் சும்மா, கடைசி 8 பைட் சரக்கு. சீட்டில் 5 என்றிருந்தால் உள்ளே தசம எண். 7 என்றால் தேதி. 8 என்றால் எழுத்துச்சரம். அது 8 பைட்டில் அடங்காது என்பதால் அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் உள்ளே. இதில் 5-ம் 7-ம் வேடிக்கையானவை. தேதியும் உள்ளுக்குள் 8 பைட் தசம எண்தான்! எக்செல்லில் மேக்ரோ எழுதியவர்கள் சோதித்துப் பார்க்கலாம். தேதி வடிவில் இருக்கும் கட்டத்தை ‘வேல்யூ’ என்று கேட்டால் 7-ஆம் எண் சீட்டோடு தேதியாக வரும். ‘வேல்யூ2’ என்று கேட்டால் 5-ஆம் எண் சீட்டோடு 45723 என்று வரும். சரக்கு ஒரு பிட் மாறாது. நம் வாசகி வடிவத்தை மாற்றியபோது நடந்ததும் இதேபோலத்தான்: உள்ளே 45723 இருந்தபடியே இருந்தது.

இந்தத் தொல்லை கல்யாணப் பத்திரிகையோடு நிற்கவில்லை. மனித மரபணுக்களில் செப்டின் என்ற குடும்பத்துக்கு ‘செப்ட்2’ என்ற மாதிரிச் சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அதை செப்டம்பர் 2 ஆக்கியது. 2016-இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு இணைக்கப்பட்ட எக்செல் மரபணுப் பட்டியல்களை அலசியபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு கட்டுரையில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு பெயர்களையே மாற்றிவிட்டது. நியூமராலஜி பார்த்துப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிக்கொள்கிறவர்களைக் கிண்டல் செய்கிற ஆள் நான். விரிதாளுக்குப் பயந்து மரபணுவுக்கே பெயரில் எழுத்து கூட்டினார்கள் என்று படித்த அன்று வாயை மூடிக்கொண்டேன். தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை எக்செல் 2023-இல் கொடுத்தது.

சீட்டு ஒட்டிய பெட்டியைக் கையாள்வதில் எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. க்யூடி என்ற சி++ லைப்ரரியில் ‘க்யூவேரியன்ட்’ என்று இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் எண், உரை, நிறம், படம் என எதையும் வைக்கலாம். எடுக்கும்போது ‘முழு எண்ணாகக் கொடு’ என்று கேட்கலாம். உள்ளே இருப்பது “250” என்ற உரையாக இருந்தாலும் 250 என்ற எண்ணாக்கித் தரும். மாற்ற முடியாவிட்டால்? கத்தாது, நிற்காது. அமைதியாக 0 என்று கொடுத்துவிடும். மாற்றம் சரியாக நடந்ததா என்று தெரிய வேண்டுமானால், அதற்கென்று ஒரு ஆம்-இல்லை மாறியை நாமே கூடக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மாமாவின் அரிசிக் கடைக்கு இருப்புக் கணக்கு எழுதிக் கொடுத்தபோது நான் அதைப் பார்க்கவில்லை. ஒரு மாதம் எல்லாம் சரியாக ஓடியது. அப்புறம் ஒருநாள் மாமா போனில், “ஏம்ப்பா, குடோன்ல மூட்டை அடுக்கி வச்சிருக்கேன், உன் கம்ப்யூட்டர் சைபர்ங்குதே?” என்றார். அதுவரை இருப்பு ஆயிரத்தைத் தாண்டவில்லை. அன்று முதல் முறையாக 1,250 கிலோ. கடைப் பையன் காற்புள்ளியோடு அடித்திருக்கிறான். காற்புள்ளி இருந்தால் அந்த மாற்றம் நடக்காது. தப்பு முழுக்க என்னுடையது.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

சீட்டுக்கு இடம் வேண்டும். சரக்கு 8 பைட், சீட்டு 1 பைட்டே போதும் என்றாலும், நினைவகத்தில் எட்டின் மடங்குகளில் அடுக்குவதால் மொத்தம் 16 ஆகிவிடும். வலைப்பக்கங்களுக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி மொழியில் எல்லா மதிப்புமே வேரியன்ட். ஒரு கோடி எண்களை வைத்திருந்தால் 8 கோடி பைட் சரக்கு, 8 கோடி பைட் சீட்டும் வெற்றிடமும். சீட்டுக்கென்று தனி இடம் ஒதுக்காமல் 8 பைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க முடியுமா?

முடியும். அந்த வழி எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பை வரவழைக்கும்.

8 பைட் தசம எண்ணில் 64 பிட்டுகள். முதல் பிட் கூட்டலா கழித்தலா என்ற குறி. அடுத்த 11 பிட் அடுக்கு, மீதி 52 பிட் பின்னம். தசம எண்களைக் கணினியில் எப்படி எழுதுவது என்று சொல்லும், 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி, அடுக்கின் 11 பிட்டும் 1 ஆக இருந்தால் அது சாதாரண எண் கிடையாது. அப்போது பின்னம் முழுக்க 0 என்றால் முடிவிலி. பின்னத்தில் ஒரு பிட்டாவது 1 என்றால் ‘இது எண்ணே அல்ல’ என்று பொருள். நிரலாளர்கள் ‘நேன்’ என்பார்கள். 0-ஐ 0-ஆல் வகுத்தால் கிடைப்பது அது.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடுங்கள். ‘எண் அல்ல’ என்ற ஒரே செய்தியைச் சொல்ல எத்தனை பிட் அமைப்புகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன? 9,00,71,99,25,47,40,990. அதாவது 9,007 லட்சம் கோடிக்கும் மேல்! ஆனால் இன்டெல் சிப்பில் 0-ஐ 0-ஆல் வகுத்தால் வருவது எப்போதும் ஒரே அமைப்பு: முதல் 13 பிட் 1, மீதி 51 பிட் 0. மற்ற லட்சம் கோடிகளெல்லாம் கணக்குப் போட்டு வருவதே இல்லை. காலி மனை.

இன்னொரு பக்கம், 64 பிட் கணினி என்று பெயரே தவிர, சாதாரண நிரலுக்குக் கிடைக்கும் நினைவக முகவரிகள் 48 பிட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. காலி மனையில் 51 பிட், அதோடு குறி பிட்டும் சும்மாதான் கிடக்கிறது. 48 பிட்டில் முகவரியைக் குடிவைத்தால் 4 பிட் மிச்சம். 4 பிட்டில் 16 வகைச் சீட்டு எழுதலாம்: இது எழுத்துச்சரத்தின் முகவரி, இது பொருளின் முகவரி, இது முழு எண், இது ஆம்-இல்லை என்று. உண்மையான நேனுக்கு ஒன்றை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, மதிப்பு தசம எண்ணாக இருந்தால் அப்படியே இருக்கிறது. வேறு எதுவாக இருந்தாலும் ‘எண் அல்ல’ என்ற வேடம் போட்டுக்கொண்டு அதே 8 பைட்டில் உட்கார்ந்திருக்கிறது. எண் அல்லாதது எண் அல்ல என்று சொல்வதில் பொய்யும் இல்லை! ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எஞ்சினும், லூவா என்ற மொழியை ஓட்டும் லூவாஜிட்டும் இந்த வழியில் போகின்றன. சஃபாரியின் எஞ்சின் இதையே திருப்பிப் போட்டிருக்கிறது: முகவரியைத் தொடாமல், தசம எண்களோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டி அவற்றை நகர்த்தி வைக்கிறது. குரோமின் எஞ்சினான வி8 வேறு கட்சி. முகவரியின் கடைசி பிட்டைச் சீட்டாக்கிக்கொள்கிறது.

ஒரு ஆபத்தும் உண்டு. வெளியிலிருந்து வரும் 8 பைட்டை ‘தசம எண்ணாகப் படி’ என்று ஜாவாஸ்கிரிப்டில் கேட்க முடியும். கெட்ட எண்ணம் உள்ளவர் வேண்டுமென்றே ஒரு நேனைச் செதுக்கி அனுப்பினால், எஞ்சின் அதை முகவரி என்று நம்பி அந்த இடத்துக்கே போய் நிற்கும். அதனால் இப்படி உள்ளே வரும் எந்த நேனையும் முதலில் ஒரே நிலையான அமைப்புக்கு மாற்றிவிட்டுத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நேனைக் கொண்டுவந்த அந்த ஐஇஇஇ 754 தரத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வில்லியம் கஹான். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 1989-இல் பெற்றவர். கணக்கு எங்கே கெட்டது என்ற குறிப்பை எழுதிவைக்க உதவும் என்றுதான் நேனுக்குள் அத்தனை இடம் விடப்பட்டது. இருபது வருடத்துக்கு மேல் கழித்து உலாவிக்காரர்கள் வந்து அங்கே வாடகையில்லாமல் குடியேறினார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் “மூன்று வருடத்தில் இதனால் என்ன பயன்?” என்று படிவத்தில் கேட்கும் நம் ஊர்க் குழுக்களிடம், அன்று இந்தக் காலி பிட்டுகளுக்கு யார் என்ன பதில் எழுதியிருக்க முடியும்? எனக்கு அந்தப் படிவத்தின் மேல் நீண்ட நாள் கோபம்.

வாசகிக்கு வருகிறேன். கட்டத்துக்குள் இப்போது 7/3 இல்லை, 45723 மட்டுமே இருக்கிறது. அதனால் வடிவத்தை ‘உரை’ என்று மாற்றினால் 45723 என்ற உரைதான் கிடைக்கும். நாள்/மாதம் மட்டும் காட்டும்படி ஒரு தனி வடிவம் கொடுங்கள், கண்ணுக்கு 7/3 என்று தெரியும். அந்தப் பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். பிறகு புதிதாக ஒரு பத்தியை ‘உரை’ என்று முதலிலேயே அமைத்துவிட்டு, நோட்பேடிலிருந்து அதில் ஒட்டுங்கள். அமைக்க மறந்துவிட்டு ஒட்டினால் மறுபடியும் மார்ச்தான்.