டிராலர்: தமிழில் எப்படிச் சொல்வது?

கடலுக்குள் பை மாதிரியான வலையை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிக்கும் படகோ கப்பலோ, அதுதான் டிராலர். 'இழு' என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அதற்கும் பின்னால் இழுவலையைக் குறிக்கும் 'டிராகுலா' என்ற லத்தீன் சொல் இருக்கலாம் (ரத்தக் காட்டேரிக்குச் சம்பந்தமில்லை).

பிரிட்டிஷ் கடற்படையிலும் டிராலர்கள் இருந்தன. சரி, மீன்பிடிக் கப்பலுக்கு அங்கே என்ன வேலை? கடலுக்குள் நங்கூரமிட்டு வைத்த கண்ணிவெடிகளை வாருவது. இரண்டு டிராலர்கள் நடுவே கம்பிவடத்தைக் கட்டி இழுத்துப் போகும், இரண்டு படகுகள் ஒரே வலையை இழுக்கும் நம்மூர் இரட்டைமடி போலவே. வடம் பட்டு நங்கூரக் கம்பி அறுந்ததும் வெடி மேலே மிதக்கும், சுட்டு அழிப்பார்கள். வடத்தைச் சுற்றி இழுக்கும் வலுவான வின்ச், கொந்தளிப்பைத் தாங்கும் உடல், இழுத்தே பழகிய ஆட்கள் எல்லாம் தயாராக இருந்ததால் 1910-லேயே இதற்கென ஒரு ரிசர்வ் பிரிவைத் தொடங்கிவிட்டார்கள். முதல் உலகப்போரில் இருந்த கப்பல்கள் போதாமல் அதே அச்சில் புதிதாகவும் கட்டினார்கள், போர் முடிந்ததும் அவற்றில் பல மீன்பிடிக்க விற்கப்பட்டன.

எல்லாவற்றிலும் 'வயோலா' கதைதான் விசித்திரம். 1906-ல் இங்கிலாந்தின் பெவர்லியில் கட்டி, ஹல் துறைமுகத்திலிருந்து வடகடலில் மீன்பிடித்த கப்பல். 1914-ல் கடற்படை எடுத்துக்கொண்டது, 1918-ல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்ததில் இதற்கும் பங்குண்டு. அப்புறம் நார்வேக்குப் போய் 'டயஸ்' என்று பெயர் மாறி, திமிங்கிலம், சீல் வேட்டை என்று அலைந்து, இன்றைக்குத் தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரிட்விக்கன் கரையில் துருவேறிக் கிடக்கிறது.

தமிழில் பலரும் 'இழுவைப் படகு' என்று எழுதிவிடுகிறார்கள். அதில் சிக்கல், துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக் படகுக்கும் அதே பெயர்தான். தமிழ்நாட்டில் சொல்லும் 'விசைப்படகு' இன்ஜின் இருப்பதை மட்டும் காட்டும், வலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஈழத்தில் புழங்கும் 'இழுவைமடி' எனக்குப் பிடித்திருக்கிறது. மடி என்பது வலையின் பையைக் குறிக்கும் கடலோரச் சொல் என்பதால் கருவியே பெயரில் வந்துவிடுகிறது. ஆகவே இழுவைமடிப் படகு. பெரிதானால் இழுவைமடிக் கப்பல். போரில் ஓடியதற்குக் கடற்படை இழுவைமடிக் கப்பல். இலங்கையில் டிராலரை 'ரோலர்' என்று சொல்வதைக் கேட்டு அதைத் தூண்டில் கயிறுகளை இழுத்துச் செல்லும் 'டிரோலர்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு தொழில்.